வேகாத பல்

பிணத்தின் தொண்டையில் பாதிப் பல் இருந்தது.

ஸ்டான் பவ்லாக். எழுபத்தோரு வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஃபலோ நகரத்து பார் ஒன்றில் மாட்டிறைச்சி சாண்ட்விச்சைக் கடித்தார்... ஏழு மாதம் முன்பு கட்டிய ஸிர்கோனியா என்ற பீங்கான் பல்வரிசை உடைந்து மூச்சுக்குழாயில் இறங்கியது.

ஆள் காலி.

மறுநாள் மதியம், அந்தப் பல்லைச் செய்த லேப்.

டிடெக்டிவ் லொரெய்ன் டுகன் பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தாள். உள்ளே உடைந்த துண்டு. அதில் இன்னும் ஓர் இழை இறைச்சி.

முதலாளி ராண்டி குல்ப் கோழி இறக்கையைச் சப்புவதை நிறுத்தவில்லை.

"வேகாத பல்லு மேடம்." எலும்பைத் துப்பினான். "சூளையில சூடு பத்தலைன்னா ஸிர்கோனியா வெறும் சாக்பீஸ். சூளைக்குப் பொறுப்பு இவதான். பாருங்க." பக்கத்தில் நின்றவளைக் காட்டினான்.

அவன் நீட்டிய சூளைப் பதிவுத் தாளில் விரல் எண்ணெய். 1250 டிகிரி. கீழே டெனிஸ் மர்ச்சாக் என்ற பெயர்.

லொரெய்ன் விலங்கை எடுத்தாள்.

"கையை நீட்டுங்க டெனிஸ். ஒரு உயிர் போயிருக்கு. ஜெயில்தான்."

பதினெட்டு வருடமாகச் சூளை பார்க்கும் டெனிஸ் வெளிறிப்போனாள்.

"ஒரு கேள்வி மேடம். பல்லு அவர் வாயில சரியா பொருந்தியிருந்துச்சா?"

"கச்சிதமா இருந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரு."

"அப்ப அந்தத் தாள் பொய். அஞ்சுல ஒரு பங்கு பெருசா கடைஞ்சுதான் சூளையில வைப்போம். 1530-ல வெந்தா அளவுக்குச் சுருங்கும். 1250-ல சுருக்கம் பாதியில நின்னுடும். அந்தப் பல்லு குதிரைக்குதான் மாட்டும்."

குல்ப் மெல்லுவதை நிறுத்தினான்.

"பின்ன ஏன் உடைஞ்சது?" லொரெய்ன் கேட்டாள்.

"1650 வரைக்கும் ஏத்தினதால. அளவு மாறாது. ஆனா பல்லுக்குள்ள இருக்கற பொடிமணிங்க பெருத்துடும். வெளிச்சம் ஊடுருவி நிஜப் பல்லாட்டம் தெரியும், 'பிரீமியம்'னு விக்கலாம். பலம்தான் போயிடும். எச்சில்ல ஊறி ஊறியே விரிசல் விடும். நான் மாட்டேன்னேன். இதைப் படிங்க."

செல்போனை நீட்டினாள். குல்ப் அனுப்பிய மெயில்.

'நீ ஏத்தலைன்னா நானே ஏத்திக்கறேன். பளபளப்புதான் விக்குது. கிழவங்க இன்னும் எத்தனை வருஷம் கடிக்கப் போறாங்க?'

லொரெய்ன் கைக்குட்டையை எடுத்து, எண்ணெய் வழிந்த அவன் மணிக்கட்டைத் துடைத்துவிட்டே விலங்கை மாட்டினாள்.

"நீங்க எழுதின சூட்டுல வெந்திருந்தா ஸ்டான் இன்னிக்கும் உயிரோட இருப்பாரு குல்ப். அந்தப் பல்லு அவர் வாய்க்குள்ளயே போயிருக்காது."