காயாத நாய்

எங்கள் வீட்டு நாய் நனைந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. இன்னும் காயவில்லை.

நம்ப வேண்டாம். நான் சொல்லி யாரும் எதையும் நம்புவதில்லை. காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். மூச்சுவிட இடமில்லாத வண்டியில் நின்றுகொண்டு, “பின்னால காலியா இருக்கு, உள்ள போங்க!” என்று கத்திக் கத்தி, இப்போது என் வாயிலிருந்து உண்மையே வந்தாலும் ஒருத்தரும் நகர்வதில்லை.

ஆனாலும் சொல்கிறேன். நாயை மொட்டை மாடி வெயிலில் கட்டிப் போட்டேன்; வெயிலுக்குத்தான் வியர்த்தது. வீட்டிலிருந்த துண்டெல்லாம் தீர்ந்து, போர்வை தீர்ந்து, கடைசியில் ஜன்னல் திரையைக் கழற்றித் துடைத்தேன். தலைமுடி உலர்த்துகிற மெஷின் இரண்டு புகைந்து உயிரை விட்டன. அது படுத்து எழுந்த இடத்தில் நாயின் வடிவத்திலேயே ஈரம் இருக்கும். நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

ஆமாம், நக்கிப் பார்த்தேன்.

இது எப்படித் தொடங்கியது என்பதற்குச் சாட்சி ஒரே ஒருத்தன்தான், என் மச்சான். என் வீட்டுக்காரியின் தம்பி, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பேய் வந்து எதிரில் உட்கார்ந்தாலும், “இதுக்கு ஏதாவது காரணம் இருக்கும் அத்தான்” என்பான். ஓய்வுக்குப் பிறகு ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கி, துறையில் கட்டி வைத்துக்கொண்டு, காற்றடிக்கிற நாளிலெல்லாம் கடலுக்குப் போய்விடுவான்.

எங்கள் நாயின் பெயர் சில்லறை. பயணிகள் யாரிடம் கேட்டும் கிடைக்காத சில்லறை, ஓய்வு பெற்ற பிறகாவது என்னிடம் இருக்கட்டும் என்று அந்தப் பெயரை வைத்தேன். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். நான் அதற்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்தான். எங்கள் தொழிலில் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு விசில் அடித்தால் புறப்படு. “போலாமா?” என்று கேட்டால் சில்லறை இரண்டு தடவை குரைக்கும். “நிறுத்தலாமா?” என்றால் ஒரே ஒரு தடவை. ஒருநாளும் தப்பியதில்லை. எத்தனையோ டிரைவர்களைவிட அதற்குக் கவனம் அதிகம்.

அதைப் படகில் கூட்டிப்போகிறோம் என்றதும் வீட்டுக்காரி கடைக்குப் போய், நாய்க்கென்றே தைத்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை வாங்கி வந்தாள். முதுகில் கைப்பிடி இருந்தது. தானே மாட்டிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

“என்னங்க, கூட்டிட்டுப் போறது பெரிசில்ல. எப்படிப் போகுதோ அப்படியே திரும்பி வரணும்.”

“உன் தம்பி எப்படி வரணும்னு சொல்லலியே?”

“அவன் எப்படி வந்தா என்ன.”

சில்லறை படகின் முன்முனையில் போய் உட்கார்ந்துகொண்டது, காசு கொடுத்து முன்சீட்டு பிடித்தவர் மாதிரி. பாய் காற்றில் புடைத்தது. கரை சின்னதாகி ஒரு கோடாயிற்று. காலை வெயில் தண்ணீரில் நெளிந்தது.

பிறகு பனிமூட்டம் வந்தது.

வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டிருந்தபோதே கரையைக் காணோம், அப்புறம் வானத்தைக் காணோம். காற்று நின்றது. பாய் துவைத்துப்போட்ட வேட்டி மாதிரித் தொங்கியது. படகில் தண்ணீர் தட்டுகிற சத்தமும் இல்லை. நான் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது.

“காத்து வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதுதான் அத்தான்,” என்றான் மச்சான், சுக்கானைப் பிடித்தபடி.

சும்மா இருக்கிற வாயா இது? எழுந்து நின்றேன். பஸ் நிலையத்தில் கத்துகிற அதே குரலில், அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கூவினேன்.

“வண்டி கெளம்பப் போகுது! ஏறாதவங்க ஏறிக்கலாம்!”

மச்சான் சிரித்தான். நானும் சிரித்தேன்.

படகு மெல்ல அமுங்கியது.

படிக்கட்டில் ஆள் கால் வைத்தால் வண்டி எப்படிச் சாயும் என்று எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஏறியது கனத்த ஆளா, குழந்தையா என்று.

ஏறியது ஆள்தான்.

சில்லறை திரும்பிப் பார்த்தது. எங்களை அல்ல. எனக்கும் மச்சானுக்கும் நடுவிலிருந்த காலி இடத்தை. உதடு சுருண்டு பல் தெரிந்தது. அடிவயிற்றிலிருந்து உறுமியபடி பின்னால் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது.

பின்னால் இடமில்லை.

தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். பனிக்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. குனிந்து கைப்பிடியைப் பற்றித் தூக்கினேன். தோளில் தூக்கி விளையாடிய நாய், அன்று ஈர மணல் மூட்டை மாதிரிக் கனத்தது. உள்ளே போட்டதும் உடம்பை உதறவில்லை. முனகவில்லை. என் காலடியில் படுத்துக்கொண்டது. நனைந்த நாயின் வாடை எனக்குத் தெரியும். இது வேறு. பூ ஜாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாடை.

உடனே காற்று வந்தது, இதற்காகவே காத்திருந்த மாதிரி.

“போலாமா சில்லறை?” என்றேன்.

அது என்னைப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

படகு நகர்ந்தது. அப்போது பின்னாலிருந்து, பனிக்குள்ளிருந்து கேட்டது.

ஒரே ஒரு குரைப்பு.

கொஞ்சம் விட்டு, இன்னொன்று. ஒற்றை ஒற்றையாக.

“மச்சான், திருப்பு!”

“எதுக்கு? நாய்தான் உங்க காலடியில இருக்கே.”

“பின்னால குரைக்குதுடா!”

“எனக்கு ஒண்ணும் கேக்கல. வேற படகுல ஏதாவது நாய் இருக்கும்.”

கேட்கவில்லையாம், ஆனால் வேறு நாயாம். வாத்தியார் கணக்கு!

வீட்டில் மிதவைச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. அந்த வாரம்தான் வாங்கியது; பூட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. வீட்டுக்காரி கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். உட்புறம் முழுக்கப் பொடிச் சிப்பிகள் ஒட்டி வளர்ந்திருந்தன. அவள் நாயின் மடிந்த காதைத் தடவினாள். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“இது யாருங்க?” என்றாள்.

‘என்ன’ என்று கேட்கவில்லை.

அதன் பிறகு அவள் சில்லறை என்று அதைக் கூப்பிட்டதே இல்லை. பனிமூட்டம் இறங்குகிற காலைகளில் நாங்கள் இரண்டு பேரும் படகுத்துறைக்கு ஓடுவோம். அவள் வாயருகே கையைக் குவித்து, “போலாமா?” என்று கடலைப் பார்த்துக் கேட்பாள். ரொம்ப தூரத்திலிருந்து, ஒற்றைக் குரைப்பு வரும். நிறுத்து. நிறுத்து. எதை நிறுத்துவது? நாங்கள்தான் கரையிலேயே நின்றுகொண்டிருந்தோமே.

கடலில் போய்த் தேடலாம் என்று மச்சானிடம் கெஞ்சினேன். “எதைத் தேடறது அத்தான்? நாய் வீட்டுல, நீங்க கடல்ல தேடறீங்க. தோல் வியாதி அது. டாக்டர்கிட்ட காட்டுங்க.” மிருக டாக்டரிடமும் காட்டினோம். அவர் நாயின் நெஞ்சில் குழாயை வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். “கருவி சரியில்ல, இன்னொரு நாள் வாங்க,” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் அக்கா சாப்பாட்டை நிறுத்திய பிறகுதான் மச்சான் வழிக்கு வந்தான். பனி இறங்கிய ஒரு காலையில் அந்த ஈர உருவத்தைப் படகில் ஏற்றினோம். வீட்டுக்காரி துறையில் நின்றாள், கையில் ஒரு புதுத் துண்டோடு. சில்லறை வந்தால் துடைக்க.

பாய் துவண்டு தொங்கிய இடத்தில் எழுந்து நின்றேன்.

“கடைசி ஸ்டாப்! எல்லாரும் இறங்கிக்கலாம்!”

ஒன்றும் அசையவில்லை.

“தயவு செஞ்சு இறங்குங்க...”

அது எழுந்தது. விளிம்புக்குப் போகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நேராக மச்சானிடம் போய் அவன் மடியில் தலை வைத்துப் படுத்தது. அவன் சட்டையில் ஈரம் பரவியது.

அப்போது குரைத்தது, கையெட்டும் தூரத்தில். ஒரே ஒரு தடவை. தொண்டை கட்டிப்போன, களைத்துப்போன குரைப்பு.

தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினேன். வெறும் தண்ணீர்.

“கேட்டுதா மச்சான்?”

“இல்ல,” என்றான். அவன் முகம் பனியைவிட வெளுத்திருந்தது. “காத்து வந்துடுச்சு. திரும்பிடலாம்.”

படகிலிருந்து இறங்கியது எது என்று வீட்டுக்காரி துறையில் நின்று பார்த்தாள். துண்டை நாலாக மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மச்சான் அப்புறம் பல நாள் வரவில்லை. நேற்று மத்தியானம் வந்தான். ரோட்டில் தார் உருகுகிற வெயில். வாசலிலேயே நின்றான்.

“உள்ள வாயேன் மச்சான்.”

“வேண்டாம் அத்தான். தரை ஈரமாயிடும்.”

அப்போதுதான் பார்த்தேன். சட்டை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் காலைச் சுற்றிச் சிமெண்டு கறுத்திருந்தது. பூ ஜாடித் தண்ணீரின் வாடை.

“சட்டைய மாத்திப் பாத்தியா?”

“எதைப் போட்டாலும் இப்படித்தான்.”

வீட்டுக்காரி அந்தப் புதுத் துண்டை எடுத்து வந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுடைய பேச்சையே எடுத்து அவனிடம் கொடுத்தேன்.

“இதுக்கு ஏதாவது காரணம் இருக்கும் மச்சான்.”

கூடத்தில், இத்தனை நாளும் வாயே திறக்காதது எழுந்து வந்து அவனைப் பார்த்தது. இரண்டு தடவை குரைத்தது. புறப்படு.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டான்.

“நம்ம சில்லறை ஒத்தை ஒத்தையாத்தான் குரைச்சுது அத்தான்,” என்றான். “முதல் நாளே எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”