வைக்கோல் கன்று

அன்று காலை பசு வைக்கோல் கன்றை நக்கவில்லை. பாலும் குறையவில்லை.

முஸ்பிறா வாளியை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பாதித் தூக்கத்தில் கறந்தாள். புருஷன் கட்டாரில் வேலை. எட்டு மாதப் பிள்ளை ஸம்றாவுக்குப் பால்மா கொடுத்தால் அடுத்த நிமிடமே வயிற்றால் போகும். அவளுடைய சொந்தப் பாலோ இரண்டாம் மாதமே வற்றிவிட்டது. இந்தப் பசுவின் பால் ஒன்றுதான் பிள்ளையின் வயிற்றில் தங்கியது. அதனால்தான், கன்று செத்த அன்றே, தம்பி சப்ரியைக் கொண்டு தோலை உரித்து, வைக்கோல் அடைத்துத் தைத்து, உப்புத் தண்ணீர் பூசிப் பசுவின் முன்னால் நிறுத்தினாள். பாவம், நம்பிவிட்டது.

இன்று அது கன்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, திறந்திருந்த சமையல் குசினிக் கதவுக்கூடாக, கூரை வளையில் பிள்ளைத் தொட்டிலாகத் தொங்கிய சீலை ஏணையைப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே ஸம்றா காலை உதைத்தாள். அவள் உதைத்தபோதெல்லாம் வாளிக்குள் பால் சீறியது.

வெள்ளிக்கிழமைகளில் கோயில் அபிஷேகத்துக்குப் பால் வாங்கப் பாண்டிருப்பிலிருந்து வரும் சிவரூபினி, போத்தலை நீட்டாமல் மாட்டுக் கொட்டிலையே பார்த்தாள்.

“இதென்னகா முஸ்பிறா, தோலா?”

“ஓம்க்கா. கண்டு செத்துப் போச்சி. இதில்லாட்டிப் பால் விடாது.”

“இந்தப் பால சாமிக்கு எடுக்க ஏலாது புள்ள. நாங்க தாயெண்டு கும்புடுற சீவன். புள்ளையக் காட்டி ஏமாத்துறியே.”

“எண்ட புள்ளைக்கு வேற என்னத்தக் குடுக்க? சொல்லுங்களன்.”

சிவரூபினி வெறும் போத்தலோடு போனாள். முஸ்பிறாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைக்குப் பால் புகட்டி ஏணையில் போட்டாள். பக்கத்திலேயே பாயில் சாய்ந்தாள். வெளியே பாண் விற்கும் வண்டியின் பாட்டு தெருமுனையில் தேய்ந்துபோக, ஏணைக் கயிறு வளையில் உராயும் சத்தமும், அதற்கு நடுவே சொரசொரப்பான ஈர நாக்கு ஒன்று எதையோ மெதுவாக நக்கும் சத்தமும் கேட்டன. பசு மறுபடி கன்றை நக்கத் தொடங்கிவிட்டது, நல்லது என்று நினைத்தாள். சத்தம் மிக அருகில் கேட்டது. எழும்பிப் பார்க்க நினைத்தாள். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்போது விழித்தாள். ஏணை ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை.

குசினி நிலத்தில் சாணி. ஈரமான குளம்படிகள்.

வெளியே பார்த்தாள். பசு எப்போதும் நிற்கும் இடத்தில் இருட்டு. அதன் முன்னால் வைக்கோல் கன்று இல்லை.

ஏணைக்குள் கைவிட்டுத் தூக்கினாள். ஸம்றாவின் முகம்தான். ஸம்றாவின் சட்டைதான். பாரம் இல்லை.

நிலத்தில் உட்கார்ந்து மடியில் வைத்து அணைத்தாள். அதன் நெஞ்சுக்குள் வைக்கோல்போல் ஏதோ சரசரத்தது.

கொட்டில் இருட்டுக்குள் ஒரு குழந்தை சிரித்தது. நாக்கு இழுபடும் சத்தம். மீண்டும் சிரிப்பு.

ஸம்றாவின் சிரிப்பு.

ஓட வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கை தன்பாட்டில் மடியில் கிடந்த தலையைத் தடவியது. தடவத் தடவ, ஆறு மாதமாக வற்றிக் கிடந்த மார்பு கனத்தது. வலித்தது. சட்டை நனைந்து, பால் அந்த முகத்தில் சொட்டத் தொடங்கியது.

மூடிய உதடுகளின்மேல் அது வழிந்தோடியது. அவள் தடவிக்கொண்டே இருந்தாள்.