இரண்டாம் ஜன்னலின் காலித் தட்டு

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தையல்காரி வந்து கதவைத் தட்டியபோது, பெரிய சிஸ்டர் காலைப் பிரார்த்தனையை முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளிக்கும் நோயாளியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் இப்போது ஊராரின் மற்றச் சிக்கல்களையும் அவர் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

"சிஸ்டர், என் வீட்டுக்காரரை நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்தப் போறாங்க" என்றாள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைக்கக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள்.

"யாரு, ஆஸ்பத்திரி மருந்து ஜன்னல்ல இருப்பாரே, அவரையா? அநியாயம்!" என்று உள்ளேயிருந்து வந்தார் சிஸ்டரின் தம்பி. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவசரம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "அக்கா, வண்டியை எடுக்கட்டுமா?"

"அவங்க இன்னும் விஷயத்தையே சொல்லலடா. முதல்ல உட்காரு."

தையல்காரி சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றாம் ஜன்னலில் பெரிய மருந்தாளர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். இரண்டாம் ஜன்னலில் அவள் கணவர். கடுமையான வலி மாத்திரைகளைத் தனி அலமாரியில் பூட்டி வைப்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூட வெளியே போகக் கூடாது. அலமாரிக்கு இரண்டு சாவிகள், ஆளுக்கு ஒன்று. சில மாதங்களாக அந்த மாத்திரைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வலி இல்லாதவர்கள் அதைப் போதைக்கு விழுங்கி அடிமையாகிறார்கள் என்றும், அப்படிப்பட்டவர்களுக்கு விற்க ஒரு கூட்டமே இருக்கிறது என்றும் பேச்சு.

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்குப் பின்வாசலில் காவலாளியை யாரோ இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்துவிட்டு வேனில் ஏறித் தப்பிவிட்டார்கள். காவலாளிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அவர் கையில் ஒரு பையை இறுகப் பிடித்தபடி கிடந்தார். அதில் எண்பது காகிதக் கவர்கள். ஒவ்வொன்றிலும் பத்து வலி மாத்திரைகள். ஒவ்வொரு கவரின் மேலும் சூரியன், நிலா, தட்டு என்று பேனாவால் போட்ட படங்கள்.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு, காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலான்னு இவர்தான் அப்படிப் படம் போட்டுக் கொடுப்பார். வேற யாரும் போட மாட்டாங்க. அதான் இவரைப் பிடிச்சுட்டாங்க."

"நாலரை மணிக்கு அவர் எங்க இருந்தார்?" என்று கேட்டார் சிஸ்டர்.

தையல்காரி குனிந்து அளவு நாடாவைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"அதான் சொல்ல மாட்டேங்கிறார். ஒவ்வொரு செவ்வாயும் நாலு மணிக்குப் போய் அஞ்சரைக்குத்தான் திரும்புவார். அவர் பக்கத்துல உட்கார்ந்து பில் போடுற பொண்ணு ஒருத்தி, அவளும் அதே நேரத்துல காணாமப் போயிடுவா. ரெண்டு பேரும் ஒரே சந்துல திரும்புறதைப் பக்கத்து வீட்டக்கா கண்ணால பார்த்திருக்காங்க. போலீஸ் வந்து, 'செவ்வாய்க்கிழமை எங்கம்மா போறார்'னு கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது சிஸ்டர். 'எவ வீட்டுக்குப் போனாரோ, என்னை ஏன் கேக்குறீங்க'ன்னு கத்திட்டேன். அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவர் திருடலைன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவேன். மத்தது மட்டும்தான்..."

"மத்ததை அப்புறம் பார்ப்போம். இந்தா, தண்ணி குடி."

தையல்காரி தோளைப் பிடித்துக்கொண்டாள். நாளெல்லாம் மிஷின் மிதித்துக் குனிந்து கிடப்பதால் வந்த வலி. பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டு, ஒரு காகிதக் கவரிலிருந்து சாதாரண வலி மாத்திரை ஒன்றை எடுத்து விழுங்கினாள். சிஸ்டர் அந்தக் கவரை வாங்கிப் பார்த்தார். ஒரு சூரியன், அதன் பக்கத்தில் ஒரு வட்டத் தட்டு. தட்டில் ஒன்றும் இல்லை.

"உனக்குத்தான் படிக்கத் தெரியுமே. உனக்கும் படமா?"

"வீட்டுக்கும் அப்படித்தான் போடுவார். பழக்கமாயிடுச்சாம்" என்றாள் அவள். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் தம்பி துப்பறிந்துகொண்டே வண்டி ஓட்டினார். "அக்கா, கேஸ் முடிஞ்சுது. அந்த பில் போடுற பொண்ணுதான். இவரை மயக்கிச் சாவியை வாங்கிருக்கா. சந்துல வேன் நிக்குது. மாட்டுனது இவரு!"

"சிக்னல் சிவப்பா இருக்குடா."

மருந்துப் பிரிவில் சிஸ்டர் முதலில் கண்டது ஒரு விசித்திரம். இரண்டாம் ஜன்னல் மூடிக் கிடந்தது. ஆனாலும் அதன் முன்னால் பதினைந்து பேர் வரிசையாக நின்றார்கள். திறந்திருந்த ஒன்றாம் ஜன்னலில் ஆளே இல்லை. வெளுத்த கோட்டும் படிய வாரிய தலையுமாகப் பெரிய மருந்தாளர் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சட்டம் போட்ட மூன்று சான்றிதழ்கள்.

"கூப்பிட்டாலும் வர மாட்டாங்க சிஸ்டர்" என்றார் அவர். "அவர் எப்ப வருவாருன்னு என்கிட்டயே கேக்குறாங்க. திருடனுக்கு வரிசை, எனக்கு ஈ. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு மாத்திரை நான் மாத்திக் கொடுத்ததில்ல. இங்க இருக்கிற ஒருத்தருக்காவது அது தெரியுமா?"

"அவர் போடுற படத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"குழந்தைக் கிறுக்கல். படிச்ச படிப்பை மூட்டை கட்டி வெச்சுட்டு வட்டம் போடுறான். அதையெல்லாம் உத்துப் பார்க்க எனக்கு நேரமில்ல."

சிஸ்டர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். அவருக்கு முன்னால் சித்தாள் வேலை பார்க்கும் ஒரு பெண், பழைய கவர் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். அதிலும் ஒரு தட்டு இருந்தது. அந்தத் தட்டில் கோபுரமாகச் சாப்பாடு.

"இது எதுக்கும்மா?"

"வயித்துல எரிச்சலுக்கு. சாப்பாடு தட்டுல ஆவி பறக்கக் காத்திருக்கு பாருங்க, அதுல கை வைக்கிறதுக்கு முந்தி மாத்திரையைப் போட்டுடணும். அவரு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு." அவள் மூடிய ஜன்னலைப் பார்த்தாள். "நல்ல மனுசன். என் பிள்ளை பேரைக்கூட ஞாபகம் வெச்சிருப்பாரு."

அடுத்துக் காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் சின்ன வயதில் கால் முறிந்து ஒரு மாதம் சிஸ்டரின் வார்டில் கிடந்தவர். எழுந்து நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். காவலாளி பிடித்திருந்த பையை வாங்கி, அதிலிருந்த எண்பது கவர்களையும் சிஸ்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் சூரியன், நிலா, தட்டு. எல்லாத் தட்டிலும் கோபுரமாகச் சாப்பாடு.

"அதே கை வேலைதான் அக்கா" என்று தம்பி பெருமூச்சு விட்டார். "பாவம், அந்தத் தையல்காரி."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்ஸ்பெக்டர் தம்பி, மூணு மணிக்கு எல்லாரையும் மருந்துப் பிரிவுக்குக் கூட்டிட்டு வர முடியுமா? அதுக்கு முன்னால நான் அந்த பில் போடுற பொண்ணோட கொஞ்சம் பேசணும். தனியா."

அந்தப் பெண்ணோடு சிஸ்டர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று தம்பி கதவோரமாக நின்று பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று மணிக்கு அந்தச் சின்ன அறை நிறைந்துவிட்டது. கான்ஸ்டபிளோடு வந்த இரண்டாம் ஜன்னலின் சின்ன மருந்தாளர் இரண்டு நாள் தாடியோடு இருந்தார். தையல்காரி அவரையும் பார்க்கவில்லை, பில் போடும் பெண்ணையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். பெரிய மருந்தாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சிஸ்டர் ஆளுக்கு ஒரு காகிதக் கவரும் பேனாவும் கொடுத்தார். "சின்ன வேலைதான். 'சாப்பிட்ட பிறகு மாத்திரை போடணும்', இதை எழுத்து இல்லாம ஒரு தட்டைப் போட்டுக் காட்டுங்க. தம்பி, நீயும்தான்."

"இதெல்லாம் விளையாட்டா?" என்றார் பெரிய மருந்தாளர். ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் போட்டு முடித்துவிட்டு, பேனாவை மூடிவைத்தார்.

சிஸ்டர் கவர்களை மேசையில் பரப்பினார். தம்பியின் கவரில் தட்டே இல்லை. தொப்பை பெருத்த ஒரு ஆள்தான் இருந்தான்.

"சாப்பிட்டாச்சுன்னு வயித்தைப் பார்த்தா தெரியாதா அக்கா?"

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் சிரிக்காமல் மற்றக் கவர்களைக் காட்டினார். "சின்ன மருந்தாளர் காலித் தட்டு போட்டிருக்கார். அவர் சம்சாரமும் காலித் தட்டு. அவர் பக்கத்துலேயே உட்கார்ந்து பில் போடுற பொண்ணும் காலித் தட்டு. ஏன்மா?"

"சாப்பிட்டு முடிச்சா தட்டு காலியாத்தானே சிஸ்டர் இருக்கும்" என்றாள் பில் போடும் பெண்.

"ஆமா. தட்டு நிறைய சாப்பாடு இருந்தா இன்னும் சாப்பிடலன்னு அர்த்தம். சாப்பாட்டுக்கு முன்னால போடுற மாத்திரைக்கு அந்தப் படம். இரண்டாம் ஜன்னல்ல மருந்து வாங்குற எல்லாருக்கும் இது தெரியும்." கடைசிக் கவரைத் திருப்பினார். தட்டில் கோபுரமாகச் சாப்பாடு. "இது ஒண்ணுதான் நிறைஞ்ச தட்டு. சாப்பிட்டா வயிறு நிறையும்னு நினைச்சுப் போட்டது. இது பெரிய மருந்தாளர் போட்டது. காவலாளி கையில இருந்த எண்பது கவர்லயும் இதே தட்டுதான்."

இன்ஸ்பெக்டர் அந்தக் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஒரு படத்தை வெச்சு..." என்று எழுந்தார் பெரிய மருந்தாளர்.

"படத்தை மட்டும் வெச்சு இல்லைங்க. இந்த வலி மாத்திரையை வெறும் வயித்துல போட்டா குமட்டி வாந்தி வந்துடும். அதைச் சாப்பாட்டுக்கு முன்னால போடச் சொல்லி இரண்டாம் ஜன்னல்காரர் ஒரு நாளும் படம் போட மாட்டார். அப்ப போட்டது அவர் இல்ல. அடுத்தது, போதைக்கு விழுங்குறவனுக்குத் தட்டு எதுக்கு? சூரியன் எதுக்கு? விக்கிறவன் அதெல்லாம் போட மாட்டான். பிடிபட்டா பழி ஒருத்தர் தலையில விழணும்னு நினைக்கிறவன்தான் போடுவான். அதுலயும் இந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போடணும்னு தெரிஞ்சு, தட்டை நிறைச்சுப் போட்டிருக்கான். என் தம்பி மாதிரி வெளியாளா இருந்தா அது தோணியே இருக்காது. மருந்து படிச்சவர் போட்டது இது. அலமாரிக்கு ரெண்டு சாவிதான் இருக்கு. ஒரு சாவிக்காரர் போடலைன்னா..."

"அவன் செவ்வாய்க்கிழமை எங்க போனான்னு கேளுங்க!" என்று கத்தினார் பெரிய மருந்தாளர்.

பில் போடும் பெண் எழுந்து நின்றாள். "என் வீட்டுக்குத்தான் வந்தார். என் தம்பி இந்த மாத்திரைக்குத்தான் அடிமையானான். ஆறு மாசமா விடப் பார்க்கிறான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் அம்மா வேலைக்குப் போயிடுவாங்க, அவனைத் தனியா விட முடியாது. நான் அவனைக் கட்டிப் பிடிச்சு உட்காருவேன். சார் அவனோட கேரம் ஆடுவார். உடம்பு நடுங்கும்போதெல்லாம், 'இந்த ஒரு காயை மட்டும் போட்டுடு, அப்புறம் பார்ப்போம்'னு சொல்லுவார். வெளியே தெரிஞ்சா அவனை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். ஜெயிலுக்குப் போற நிலைமையிலயும் அவர் சொல்லல. நான்தான் பயந்து வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

தையல்காரி முதல் தடவையாகக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், தப்பு செய்து மாட்டியவரைப் போல.

சிஸ்டர் பெரிய மருந்தாளரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "வர்ற வழியில காவலாளியோட சம்சாரத்தைப் பார்த்தேன். தீவிர சிகிச்சை வார்டு வாசல்ல தரையில உட்கார்ந்திருக்கா. 'ஒன்றாம் ஜன்னல் ஐயா வந்து பார்த்தாரா'ன்னு என்னைக் கேட்டா. காலையில உங்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு வணக்கம் சொல்றதை அவர் வீட்ல பெருமையாச் சொல்லுவாராம்."

பெரிய மருந்தாளரின் வாய் கோணியது.

"அவரை அடிக்கச் சொல்லி நான் சொல்லவே இல்ல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். சிஸ்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"வேன்காரன்தான் அடிச்சான்" என்றார் பெரிய மருந்தாளர், சுவரில் இருந்த சான்றிதழ்களைப் பார்த்தபடி. "கிழவர் பையை விட மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டார். அவன் பேரு, வீடு எல்லாம் சொல்றேன். முதல்ல ஒரே ஒரு தடவைன்னுதான் ஆரம்பிச்சேன். ஆனா அந்தப் படம்... அதை நான்தான் போட்டேன். இருபத்திரண்டு வருஷம் சிஸ்டர். நேத்து வந்தவனை 'ராசா, தங்கம்'னு கூப்பிடுறாங்க. என் ஜன்னலுக்கு வர்றவங்க சில்லறையை வெச்சுட்டு மூஞ்சியைக்கூடப் பார்க்காம போறாங்க. மாட்டுனா அவன் மாட்டட்டும்னு நினைச்சேன். ராத்திரி படுத்தா அது ஒண்ணுதான் நிம்மதியா இருந்துது."

"நீங்க அவர் வரிசையையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க" என்றார் சிஸ்டர். "ஒரு நாள் அவர் கவரை எடுத்து, 'இது என்ன தட்டு'ன்னு யாரையாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. அப்படிக் கேட்டிருந்தா, அடுத்த நாள் உங்க ஜன்னல்லயும் நாலு பேர் நின்னிருப்பாங்க. போற வழியில அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க. கடவுள் அதையும் பார்ப்பார்."

கான்ஸ்டபிளோடு அவர் வெளியே போனார். வார்டு வாசலில் நின்றாரா என்று தம்பி எட்டிப் பார்த்தார். நின்றார்.

அறையில் தையல்காரியும் அவள் கணவரும் பில் போடும் பெண்ணும் மிஞ்சினார்கள். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிஸ்டர் அவர் காலை மிதித்தார்.

தையல்காரி கழுத்திலிருந்த அளவு நாடாவை மெதுவாக இழுத்து எடுத்தாள். பில் போடும் பெண்ணின் எதிரே போய் நின்றாள்.

"உன் தம்பி எப்படி இருப்பான்? இவரை மாதிரியா, இவரைவிட ஒல்லியா?"

"ஒல்லிதான்க்கா. ரொம்ப இளைச்சுட்டான். பழைய சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்குது."

"கண்ணால பார்க்காம சட்டை வெட்ட முடியாது" என்றாள் தையல்காரி. நாடாவை விரலில் சுற்றினாள். இந்தத் தடவை பிரிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நானும் வர்றேன். அளவெடுக்கணும்."