ஈரப் படியும் எண்ணூறு பதில்களும்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாற்பதாயிரம் செயற்கைக் கால்கள் ஒரே நேரத்தில் லேசாக அதிர்ந்து புதிய நிரலை வாங்கிக்கொண்டன. கோயம்புத்தூரில் வைகுந்தன் மாற்றங்களின் பட்டியலைத் திறந்தான். முதல் வரி: ‘இடது காலின் எண் சுழியத்திலிருந்து ஒன்றாகவும், வலது காலின் எண் ஒன்றிலிருந்து இரண்டாகவும் மாற்றப்பட்டது.’

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அது அவன் செய்த வேலை.

அந்தக் கால்களை இயக்கும் ‘நடைநிரல்’ எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. விரும்பியவர்கள் இணைய மன்றம் ஒன்றில் கூடிப் பேசி வளர்த்தது. இப்போது பேசினாலே போதும். மன்றத்தில் அமர்ந்திருக்கும் கேள்பொறி எல்லாவற்றையும் வாசித்து, எதைப் பற்றி அதிகம் பேர் சூடாகப் பேசுகிறார்களோ அதை முதலில் நிரலாக்கிவிடும். எதில் அக்கறை அதிகமோ அதைப் பற்றித்தானே மனிதர்கள் அதிகம் பேசுவார்கள் என்று நம்பி அதை வடிவமைத்திருந்தார்கள். கையால் நிரல் எழுதும் வழியை அடைத்துவிட்டார்கள். தனியொருவரின் பிழை யார் காலுக்குள்ளும் போய்விடக் கூடாது.

பத்து நாட்களுக்கு முன் தென்காசியிலிருந்து செண்பகவல்லி என்ற பஸ் கண்டக்டர் எழுதியிருந்தார்: “ஈரப் படில எறங்கும்போது முட்டி அர நொடி பூட்டிக்கிடுது. ஒரு நாளைக்கு எரநூறு தடவ ஏறி எறங்குதேன். கொஞ்சம் பாருங்க தம்பிமாரே. எனக்கு இடது காலு.”

வைகுந்தனுக்கு அன்று சலிப்பாக இருந்தது. மன்றத்தில் அவன் பெயர் பச்சைமிளகாய். அவர் பதிவுக்குக் கீழே எழுதினான்: “அதிருக்கட்டும், இடது காலுக்கு ஏன் சுழியம், வலதுக்கு ஏன் ஒன்று? இடது என்ன இளப்பமா?”

அவ்வளவுதான். எண்ணிக்கையைச் சுழியத்தில் தொடங்குபவர்களும் ஒன்றில் தொடங்குபவர்களும் எண்ணூறு பதில்களுக்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவர் நினைவகத்தின் வரலாறு எழுதினார். இன்னொருவர் முழு நடைநிரலையும் வேறு கணினி மொழியில் திருப்பி எழுதச் சொன்னார். முட்டியைப் பற்றி யாரும் எழுதவில்லை. கேள்பொறியின் வேலை வரிசையில் அது முப்பத்தோராம் இடத்துக்கு இறங்கியது.

சிரித்த அதே மாலையில் அந்த உரையாடல் இழையின் அடியில் புதிய பதிவு ஒன்று வந்தது. “நான் டிரைவர் இசக்கிமுத்து. எங்க கண்டக்டரக்கா பாவூர்சத்திரத்துல படில இருந்து விழுந்துட்டாங்க. மணிக்கட்டு ஒடிஞ்சிருச்சு. அந்த முட்டிய சரி பண்ணியாச்சாய்யா?”

வைகுந்தன் அதை நான்கு முறை வாசித்தான். காபி ஆறிப்போனது. மன்றத்தைப் பராமரிக்கும் மேலப்பாளையம் ஹாஜிராவைத் தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, பச்சைமிளகாய் நான்தான்.”

“தெரியும். அந்தக் காரம் வேற யாருக்கு வரும்?”

“நான் எல்லார்கிட்டயும் ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கப் போறேன்.”

“இங்க பாரு வைகுந்தா, மன்னிப்பெல்லாம் ஒண்ணும் வேண்டாம். எந்தப் படி, எம்புட்டு ஈரம், எம்புட்டு உயரம்னு மட்டும் அந்த அக்காகிட்ட கேளு. நாலு பேரக் கேக்க வை. முட்டி மேல வந்துரும்.”

“அப்ப நான் செஞ்சது?”

“ஒன்னைப் பத்தி இப்ப யாரு கேட்டா?”

அவனால் முடியவில்லை. படியின் உயரத்தைக் கேட்டு நான்கு வரி எழுதினான். அதில் தன் குற்றம் எங்கும் இல்லாததைப் பார்த்து அழித்தான். பிறகு இசக்கிமுத்துவின் பதிவுக்குக் கீழே, சொந்தப் பெயரில், நீண்ட ஒப்புதல் எழுதினான். ‘என்னை மன்னித்துவிடுங்கள்’ என்று முடித்தான். அனுப்பியதும் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது. ஒரு வாரத்துக்கு அவன் நன்றாகத் தூங்கினான்.

அந்த வாரம் மூவாயிரம் பதில்கள் வந்தன. அவனை நீக்க வேண்டுமா? புனைபெயரைத் தடை செய்யலாமா? மன்னிப்பை நேரில் கேட்பதா, பொதுவில் கேட்பதா? கேள்பொறி இரவும் பகலும் வாசித்தது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கால்கள் அதிர்ந்தன. பட்டியலின் முதல் வரி: ‘மன்னிப்பு வசதி சேர்க்கப்பட்டது.’ வைகுந்தன் விரலால் வரிவரியாகக் கீழே போனான். ஈரப் படி அதில் இல்லை; காத்திருக்கும் வேலைகளின் வரிசையில் நாற்பத்திரண்டாவது இடத்துக்கு இறங்கியிருந்தது.

மறுநாள் இசக்கிமுத்து எழுதினார்: “கட்டுப் பிரிச்சுப் பாக்க அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். படியக் கழுவி விட்டிருந்தாங்க. எறங்கும்போது திரும்பவும் முட்டி பூட்டிக்கிட்டு. நல்லவேளை, நான் பிடிச்சுக்கிட்டேன். அப்பம் காலுக்குள்ள இருந்து ஒரு ஆம்பளக் குரலு ‘என்னை மன்னித்துவிடுங்கள்’னு சொல்லுது. அக்கா பயந்து கால கழட்டி வச்சிட்டாங்க. வேலைக்கு எப்பிடிப் போவாங்க? யாருய்யா அது பேசுனது?”

வைகுந்தன் பதில் எழுதக் கை வைத்தான். ‘நான்’ என்ற சொல் திரையில் விழுந்ததும் நிறுத்தி, அதை அழித்தான். ஹாஜிரா சொன்னபடி படியின் உயரத்தைக் கேட்க நினைத்தான். அதற்குள் கீழே முப்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள், காலுக்கு ஆண் குரல் பொருந்துமா, பெண் குரல் பொருந்துமா என்று.