ஸ்கைலாப் என்று சொன்னேன்

புது ரைட்டருக்குக் கணக்கு வேலை பழக்க, நான் முன்பு ரைட்டராக இருந்த ஏற்காடு எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்குப் பத்து வருஷம் கழித்து வந்தேன். பொழுது சாய்கிற நேரம். மேகம் இறங்கி எதிர்மலை முழுக்க மறைந்திருந்தது. சமையலுக்கு வரும் கண்ணாயி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க, வானத்துல என்னமோ மின்னுதுங்களே?"

நானும் வாசலுக்கு வந்து பார்த்தேன்.

வெள்ளைக்குள் மஞ்சளாக ஒரு கோடு. அணைந்தது. மறுபடி. மறுபடி.

மூன்று.

ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைந்து விழப்போகிறதென்று 1979இல் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எது மின்னினாலும் என்னிடம்தான் கேட்பார்கள். எரிகல், விமானம் என்று பிரித்துச் சொல்கிற பெரிய மேதாவி நான். மேல்கிராமத்தில் யாருக்காவது முடியாமல் போனால், தூளியில் போட்டு மலைப்பாதை வளைவு வரை தூக்கிவந்து பந்தத்தை மூன்று தரம் வீசுவார்கள். அதைப் பார்த்தால் எஸ்டேட் ஜீப் போக வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் மேகம் மலையை மூடிவிட்டால் பந்தம் வானத்தில் எரிகிறாற்போலத்தான் இருக்கும். அன்று அப்படி மூன்று தரம் மின்னியதும் டிரைவர் சித்தன் சாவியோடு எழுந்தான்.

"ஸ்கைலாப் துண்டுய்யா, உக்காரு" என்றேன்.

விடிந்தபோது வளைவில் அத்தாயி செத்துக் கிடந்தாள். நிறைமாசக்காரி. அவள் புருஷன் செல்லப்பன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பால் அடித்திருக்கலாம்.

கண்ணாயி குரலைத் தாழ்த்தினாள். "மேல்கிராமத்துல இப்ப ஒரு ஊடுகூட இல்லீங்க. எல்லாரும் எறங்கி வந்து ஆறு வருசமாச்சுங்க."

ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வளைவில் யாருமில்லை. எண்ணெய்த்துணி எரிந்த வாடை மட்டும் இருந்தது. பின்கதவைத் திறந்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தேன்.

ஜீப்பின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நொம்ப நேரமா காத்துட்டிருக்கறனுங்க" என்றது ஒரு பெண்குரல்.

"மன்னிச்சிரு தாயி, மன்னிச்சிரு" என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே ஓட்டினேன். பின்னாலிருந்து வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. கடைசிக் கொண்டையூசி வளைவில் அதுவும் நின்றுபோனது.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் வேலம்மாள் ஓடிவந்து ஜீப்புக்குள் டார்ச் அடித்தாள். சீட் காலி.

"தாய் எங்கீங்க?"

"யாரும் வரலைம்மா. நான் மட்டும்தான்."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"அப்ப கொழந்தைய எங்க வெச்சிருக்கீங்க? இப்பிடி அழுவுதுங்களே."

சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தேடினேன். காதை வைத்துக் கேட்டேன்.

எனக்கு மட்டும் கேட்கவில்லை.