இடது பக்க சீட்

டோல்கேட் பக்கம் இருக்கும் தேசப்பனின் ஒர்க்‌ஷாப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. சனிக்கிழமை. தகரக் கூரைக்குக் கீழே அனல் தாங்கவில்லை. ஆட்டோ ஒன்றின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "இன்னா மாமு, இந்த வாரம் இன்னாத்த மாத்தணும்?" என்று கேட்டான் தேசப்பன்.

கேலிதான். அந்தக் கேலிக்கு நான் தகுதியானவன்தான்.

என் பெயர் பெனிட்டோ. ராயபுரத்தில் கயிறும் வலைச் சாமானும் விற்கிற கடை. அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து ஆரம்பித்தது. திருவொற்றியூரில் வீடு. வீடு, கடை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், இவ்வளவுதான் என் போக்குவரத்து. அதற்கு ஒரு சின்ன கார் போதும் என்று வாங்கினேன். வாங்கியதை அப்படியே ஓட்டியிருந்தால் இந்தக் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

சிவப்பு வண்டிக்குக் கூரையில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அலாய் வீல் போட்டேன். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினேன், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அடிவயிறு உரசும். பின் சீட்டைக் கழற்றி வீட்டு மொட்டைமாடியில் போட்டுவிட்டு அந்த இடம் முழுக்க சவுண்ட் பாக்ஸ் வைத்தேன். யானைக்கவுனியில் ஒருவரைப் பிடித்துக் கறுப்பு ஃபிலிம் வாங்கி எல்லாக் கண்ணாடியிலும் ஒட்டினேன். அதற்குப் பிறகு உச்சி வெயிலில் ஏறி உட்கார்ந்தாலும் உள்ளே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருக்கும்.

என் மனைவி ஜெஸ்லினுக்கு அப்போது ஆறு மாதம். பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பிள்ளை பிறந்தா எங்கங்க உக்கார வைப்பீங்க? ஸ்பீக்கர் மேலயா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு நான் வந்தது முன் சீட்டுகளுக்காக. இதே வண்டியின் விலை கூடிய மாடலில் வரும் கறுப்பு சீட், சிவப்பு நூல் தையல். தண்டையார்பேட்டை கோடவுன் ஒன்றில், அடிபட்டு வந்த வண்டியை உடைத்தபோது தேசப்பன் எடுத்து வைத்திருந்தான். மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தான். திருப்பிப் பார்த்தேன். ஒரு கிழிசல் இல்லை.

இடது பக்க சீட்டின் பெல்ட் பூட்டில் மட்டும் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. கொக்கி. அதோடு நாலு விரல் நீளத்துக்கு அறுத்த பெல்ட்.

"அதுல குந்தினு இருந்த பொம்பளைய பெல்ட்ட அறுத்துதான் வெளிய எடுத்தாங்களாம் மாமு. மடில கொயந்தை. கொயந்தைக்கு ஏது பெல்ட்டு? அது கண்ணாடிய ஒடச்சிகினு போயிடுச்சி. இவ ஒரு மணி நேரம் உசுரோட இருந்தாளாம், ரெண்டு கையயும் நீட்டிக்கினே." தேசப்பன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அடிபட்ட வண்டி சீட்ட நாங்க ஒடனே ஏத்த மாட்டோம். ஒரு அமாவாச தாண்டணும். எலுமிச்சம்பயம் அறுத்து சுத்திப் போட்டுட்டுதான் வேற வண்டிக்கு. பத்து நாள் பொறு."

பத்து நாள்! மறுநாள் காலையில், என்னைப்போல வண்டியை அலங்கரிக்கிறவர்கள் சேர்ந்த கார் குரூப் எண்ணூரில் கூடுகிறது. புது சீட்டோடு போய் இறங்க வேண்டும் என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை.

"நாங்க வேதக்காரங்க தேசப்பா. எங்களுக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் ஒட்டாது. மாட்டு."

 அவன் பூட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கொக்கி துள்ளி வெளியே விழுந்தது. தூக்கிப் போடப் போனவனிடமிருந்து நான் வாங்கி டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். எந்த இரும்பையும் எறிய மனசு வராத கடைக்காரப் புத்தி.

மறுநாள் எண்ணூருக்குத் தனியாகத்தான் போனேன். எங்கள் தெரு தாண்டியதும் டிங் டிங் என்று மணி அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வண்டி அடிக்கிற மணி. சீட்டுக்கு அடியில் எடை பார்க்கிற சென்சார் இருக்கும்.

சீட்டில் யாருமில்லை.

தேசப்பனுக்கு போன் செய்தேன். "சென்சார் ஒயர் அடி வாங்கிக் கீது. பொறுமையா பாப்போம். இப்போத்திக்கு அந்தக் கொக்கிய பூட்டுல சொருகிடு, மணி வாய மூடிக்கும்" என்றான். ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். பெல்ட் போடச் சோம்பல்படுகிறவர்கள் இதற்கென்றே டூப்ளிகேட் கொக்கி வாங்கிச் சொருகி வைப்பார்கள். நான் அந்தப் பெண்ணின் கொக்கியை எடுத்து அவளுடைய பூட்டில் மாட்டினேன்.

கிளிக்.

மணி நின்றது. அந்த நிசப்தத்தில் யாரோ சாய்ந்து உட்கார்கிற மாதிரி சீட் லேசாக முனகியது. புது சீட் அப்படித்தான் இருக்கும் என்று பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

இரண்டு வாரத்தில் வாசனை வந்தது. முதலில் ரத்தமோ என்று பயந்தேன். அது இல்லை. பால் வாசனை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் துணிகளில் அடிக்குமே, லேசான புளிப்போடு, அந்த வாசனை. கதவை எல்லாம் திறந்து வெயிலில் வைத்தேன். செண்ட் பாட்டில் மாட்டினேன். வாசனை வெளியே போகவில்லை. சீட்டின் முதுகில், மார்பு உயரத்தில், ஈரமாக இரண்டு வட்டம் தினமும் காலையில் இருந்தது. துடைத்தேன். கறை பிடித்துவிடக் கூடாதே என்றுதான் கவலைப்பட்டேன். இப்படி ஒரு மடையன்!

ஜெஸ்லினுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது அவளை ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏறி உட்கார்ந்தவள் உடனே நிமிர்ந்தாள்.

"ஏங்க, இதுல இப்ப யாரு உக்காந்திருந்தா?"

"யாருமில்லையே."

"சூடா இருக்கு."

வெயில் என்றேன்.  அவள் ரொம்ப மெதுவாக, பின்னால் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

"சீட்டுல உக்காந்த மாதிரி இல்லங்க. ஒரு ஆள் மடியில உக்காந்த மாதிரி இருக்கு."

பெல்ட் போட வேண்டும், கொக்கியை எடுங்கள் என்றாள். பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. தேசப்பன் கையில் துள்ளி விழுந்த கொக்கி என் கைக்கு வரவில்லை. ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பினால் வந்திருக்கும். நெம்பினால் பக்கத்துத் தையலில் கீறல் விழும். நான் நெம்பவில்லை. இதை நான் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூட இன்னும் சொல்லவில்லை.

அடுத்த முறை அவள் வரமாட்டேன் என்றாள். "நான் ஆட்டோல வாரேன். நீங்க உங்க வண்டியில வாங்க."

தெருவே பார்க்கிற வண்டி. அதை வைத்துக்கொண்டு என் பொண்டாட்டி ஆட்டோவில் போவதா? கத்தினேன். எனக்கு மரியாதை இல்லை என்றேன். அவள் அப்பா வீட்டுப் பேச்செல்லாம் இழுத்தேன். பின்னால் உட்காருகிறேன் என்று கெஞ்சினாள். பின்னால் இடம் ஏது, சவுண்ட் பாக்ஸ் இருக்கிறதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள்.

காலை பத்து மணி. கடலோரமாக ராயபுரம் போகிற எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கிற கண்டெய்னர் டிரெய்லர்கள் இடது ஓரத்தில் வரிசையாக நின்றன. நல்ல வெயில். கறுப்புக் கண்ணாடிக்குள்ளே எங்களுக்கு இருட்டு.

ஜெஸ்லின் இரண்டு கையையும் இரண்டு பக்கமும் சீட்டில் ஊன்றியிருந்தாள். திடீரென்று மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"வயித்துல கை வைக்காதீங்க."

"நான் ஸ்டியரிங்லல்லா கை வச்சிருக்கேன்."

அவள் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நைலக்ஸ் புடவை வயிற்றின் மேல் பத்து இடத்தில் குழிந்திருந்தது.

அப்போது மணி அடித்தது.

டிங். டிங். டிங்.

கொக்கி தானாகக் கழன்று அவள் காலடியில் கிடந்தது. "வந்துட்டு, வந்துட்டுங்க" என்று அழுதுகொண்டே ஜெஸ்லின் பெல்ட்டை இழுத்தாள். தோளைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இன்னும் ஒரு சாண்தான்.

கிளிக்.

மணி நின்றது. "அப்பாடா, போட்டாச்சா?" என்றேன்.

"நான் இன்னும் போடலைங்க."

அவளுடைய கொக்கி அவள் கையில் இருந்தது. நான் பூட்டைப் பார்த்தேன். காலடியில் கிடந்த கொக்கி பூட்டுக்குள் இருந்தது.

இரண்டு விநாடி. அவ்வளவுதான் பார்த்தேன். நிமிர்ந்தபோது டிரெய்லரின் பின்பக்க இரும்பு கண்ணாடி முழுக்க இருந்தது.

எனக்கு வலது கை முறிந்தது. ஜெஸ்லினைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. முன்கண்ணாடி வழியாகப் போனாள், அவ்வளவு போதும். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண். உயிரோடு. அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உடம்பு முழுக்க அடி. வயித்துல மட்டும் ஒரு சிராய்ப்பு இல்ல. ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு விரல் தடம் இருக்கு. யாரு பிடிச்சிருந்தாங்க?"

குழந்தை இருக்கும் அறையைக் காட்டச் சொன்னேன்.

நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் குழாய் வழியாகப் பால் விட்டார்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து குழந்தை பால் குடிக்கவில்லை. பாட்டில், சங்கு, ஸ்பூன், எதைக் கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் அழக்கூடச் சத்தம் வரவில்லை. திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியில் டோல்கேட். தேசப்பன் ஷெட்டுக்கு முன்னால் ஆட்டோ போனபோது, அதுவரை துவண்டு கிடந்த குழந்தை என் தோளிலிருந்து தலையைத் தூக்கியது. தலை நிற்காத வயசு. தூக்கிப் பார்த்தது.

ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன். ஷெட்டுக்குள், விபத்துக்குப் பிறகு இழுத்து வந்த என் கார் நசுங்கிக் கிடந்தது. இடது பக்க சீட்டில் மட்டும் ஒரு கீறல் இல்லை. குழந்தையைக் கொண்டுபோய் அதில் கிடத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். சாகிற பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவனிடம் காரணம் இருக்காது.

சப்பும் சத்தம் கேட்டது.

குழந்தையின் தலை சீட்டில் படவில்லை. நாலு விரல் உயரத்தில், யாரோ முழங்கை மடிப்பில் தாங்கியதுபோல நின்றது. தொண்டை ஏறி இறங்கியது. கன்னம் அமுங்கி அமுங்கி எழுந்தது. பால் வாசனை ஷெட் முழுக்கப் பரவியது.

தேசப்பன் பார்த்தான். கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "கொளுத்திடலாம் மாமு. இத்த இப்பவே கொளுத்திடலாம்" என்றான்.

"கொளுத்திட்டு? எம்பிள்ளைக்கு நீ பால் குடுப்பியா?"

காரைப் பழைய இரும்புக்குப் போட்டேன். சீட்டை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். படுக்கையறை ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் குழந்தையை அதில் விட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு நப்பாசை. அது ஜெஸ்லினாக இருக்கக் கூடாதா? பிள்ளையைப் பார்க்காமலே போனவள், பால் கொடுக்கவாவது வந்திருக்கக் கூடாதா? ஒருநாள் கதவோரம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

"ஜெஸ்லின்?"

சப்பும் சத்தம் நின்றது. குழந்தையின் தலை தொப்பென்று சீட்டில் விழுந்தது. உடம்பு நீலம் பாரிக்க அப்படி ஒரு அலறல். ஒரு பகல் முழுக்க அதற்குப் பிறகு பால் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை பெயரைச் சொன்னபோது இரண்டு நாள். கூடத்தில் மாட்டியிருந்த ஜெஸ்லின் படத்தை நானே கழற்றிப் பீரோவுக்கு அடியில் வைத்தேன். அவளுக்கான நினைவுத் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கவும் போகவில்லை. என் மாமியார் போனில் சபித்தார். சரிதான், சபிக்கட்டும்.

போன வாரம் தடுப்பூசிக்கு சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரமாபாய் என்கிற நர்ஸ் குழந்தையைத் தராசில் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா ஏறியிருக்கு சார். தாய்ப்பால் பிள்ளை, பாத்தாலே தெரியுதே." புது அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தாள். என் பெயர், முகவரி, பிறந்த தேதி. பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். "அம்மா பேரு?"

நான் வாயைத் திறந்தேன். முதல் எழுத்துத்தான் நாக்கில் வந்தது.

தராசிலிருந்த குழந்தை உதட்டைப் பிதுக்கியது. விரல் நுனிகள் நீலமாக ஆரம்பித்தன. கண்கள் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தன. என் பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

"சார், பிள்ளையோட அம்மா பேரு என்னா?"

"தெரியாதுங்க" என்றேன்.

குழந்தை சிரித்தது.