புளியங்கட்டைப் புகை

கீழ் ஓட்டையைத் தகரத்தால் பாதி மறைத்துவிட்டுக் கெங்கம்மாள் நிமிர்ந்தபோது, பீப்பாய்க்குள் யாரோ இருமினார்கள்.

கரி வெடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஈரம் பட்ட வேலங்கரி அப்படித்தான் சடசடக்கும். ஐப்பசி மழை பத்து நாளாக எளாவூரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்து ஓலையில் விடாமல் சொட்டுகிற நீர், சோதனைச் சாவடிக்கு முன்னால் வரிசைகட்டி நின்ற லாரிகளின் உறுமல், நனைந்த சாக்கின் முடைநாற்றம், பீப்பாய்க்குள் கம்பியில் தொங்குகிற மடவை மீனின் உப்பு வாடை எல்லாம் ஒன்றாகக் குழைந்து, காலை பத்து மணியையே அந்திபோல ஆக்கியிருந்தன. மறுபடியும் இருமல். கடைசியில் ஒரு செருமலோடு முடிகிற இருமல். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் அது.

மீனைப் புகையில் வாட்டி விற்பதற்காக அந்தப் பீப்பாயைச் செய்தது அவள் புருஷன் கலியன். ஒரு லாரிக்காரன் கழித்துப்போட்ட எண்ணெய்ப் பீப்பாயை உருட்டிவந்து, மூன்று தடவை வைக்கோல் போட்டு எரித்து நாற்றத்தைப் போக்கி, அடியில் ஓட்டை வெட்டி, மேலே மூடி போட்டான். கரியை ஓர் ஓரத்தில் மட்டும் பற்றவைக்க வேண்டும். அதன்மேல் ஒரே ஒரு கட்டை. காற்று அதிகம் போனால் கட்டை தீப்பிடித்து மீன் கருகும், காற்றே போகாவிட்டால் வெள்ளைப் புகை கிளம்பி மீன் கசக்கும். பக்குவமாக விட்டால் ஒரு கட்டை இரண்டு மணி நேரம் நிற்கும். இதையெல்லாம் அவளுக்கு அவ்வளவு பொறுமையாகச் சொன்னவன், போவதை மட்டும் சொல்லாமல் போய்விட்டான். காய்ச்சலில் கிடந்தவனை விட்டு ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போய்த் திரும்பினாள். வாசலில் கூட்டம் நின்றது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கொடுத்துவைக்கவில்லை பாவிக்கு. இன்றோடு ஒன்பது நாள்.

கட்டையும் அவனுடையதுதான். மீனுக்கென்று அவன் பிளந்து காயவைத்திருந்த புளியங்கட்டை மொத்தமும் அவன் சிதைக்கே போயிற்று. ஐந்து மிஞ்சியது. சுடுகாட்டுக்குப் போன விறகு வீடு திரும்பக் கூடாது, அங்கேயே போட்டுவிட்டு வருவார்கள். கொட்டுகிற மழையில் மாட்டுவண்டியை அவசரமாகத் திருப்பிய கொழுந்தன் வீரராகவன், சாக்குக்கு அடியில் கிடந்ததைக் கவனிக்காமல் இவள் வீட்டுப் பின்பக்கம் வண்டியை அவிழ்த்துவிட்டான். ஊரில் காய்ந்த கட்டை வேறு எங்கும் இல்லை. கெங்கம்மாள் தெரிந்தேதான் எடுத்தாள்.

முதல் கட்டை சாம்பலானதும் இருமல் நின்றது. இரண்டாவதை வைத்ததும் தொடங்கியது. அவள் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சேற்றில் எறிந்தாள். உள்ளே அவனுக்கு இடம் வேண்டாமா?

மத்தியானம் வீரராகவன் வண்டியைத் தேடிக் குடையோடு வந்தான். அடுக்கியிருந்த கட்டைகளைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டான்.

"அண்ணி, இன்னா காரியம் பண்ணிக்கினு கீறீங்க? அது சொடலைக்குப் போன கட்டை. ஊட்டுல எரிக்கலாமா?"

"காஞ்ச கட்டை வேற எங்க கீது?"

"ஒடனே அணைங்க. வேணாம் அண்ணி, பேஜாராயிடும்."

"உங்க அண்ணன் இருமறாரு, வீரா. நீயே கேளு."

அவளைத் தேற்றுவதற்காகத்தான் குனிந்து காது கொடுத்தான். அவன் முகம் வெளிறியது. குடையைப் போட்டது போட்டபடி மழையில் ஓடினான்.

மூன்றாவது கட்டை.

மூடியின் இடுக்கில் புகை கசிந்தது. காற்று அந்தப் பக்கம் அடித்தும் புகை இந்தப் பக்கம், அவள் முகத்துக்கு வந்தது. பீடி வாசனை. தலைக்குத் தேய்த்த விளக்கெண்ணெய் வாசனை.

"கெங்கு."

அவள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "நா சந்தைக்குப் போயிருக்கக் கூடாது மாமா. போயிருக்கவே கூடாது." பேரை மட்டும்தான் அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

நாலு மணிக்கு நான்காவது கட்டையை வைத்தாள். கரியைக் கிளறி ஓட்டையை அளந்து மறைத்தாள்.

"கெங்கு... சுடுதுடி."

அவள் கை அப்படியே நின்றது.

"சுடுது. தாங்கல."

சிதை ஓர் இரவில் முடித்துவிட்ட வேலை. அதைத்தான் இவள் காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறாள். சின்னத் தணலில். கருகவிடாமல். பக்குவமாக.

"ஓட்டைய மூடிடு கெங்கு. நா போறேன். மூடிடு."

மூடினால் கால்மணி நேரத்தில் கரி அணைந்துவிடும். மூடினால் போய்விடுவான். இந்தத் தடவை திரும்ப மாட்டான். மூடாவிட்டால் வேகிறான்.

தகரத்தைப் பிடித்தாள். விட்டாள். பிடித்தாள்.

உள்ளே நகம் பிறாண்டியது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நான்காவது கட்டை உள்ளே சரிந்து நொறுங்குவது கேட்டது. குரல் தேய்ந்தது. இன்னும் கொஞ்சம்தான். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், தானாக அடங்கிவிடும்.

சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

ஐந்தாவது கட்டையை உள்ளே தள்ளினாள்.

"கொஞ்ச நேரம் மாமா. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ." சொல்லிக்கொண்டே ஓட்டையைப் பாதிக்கும் மேலே மறைத்தாள். அதிகம் திறந்தால் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும்.

அலறல்.

அவள் பீப்பாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். முழங்கைத் தோல் சீறியது. கன்னத்தை வைத்து அழுத்தினாள்.

கன்னத்துக்கு நேராகப் பீப்பாயின் தகரம் புடைத்தது. ஓர் உள்ளங்கை. ஐந்து விரல். அவை அவளைத் தள்ளின. பலமாக. இன்னும் பலமாக.

அவள் விடாமல் இறுக்கிக்கொண்டாள்.